ஒரு பக்கத்துக் குரல்

பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வண்டியைக் கொடுத்தோமா, போய் நிழலில் உட்கார்ந்தோமா என்று இருக்க வேண்டும். என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, இந்தச் சிவப்பு ஒயர் எதற்கு, அந்தக் கறுப்பு எங்கே போகிறது என்று கேட்டால் எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரியும். கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கத் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. முடி நரைத்தது, கண்ணாடி வந்தது, இந்தக் குணம் மட்டும் போகவில்லை.

அன்றைக்குக் கடையைத் திறந்த கையோடு வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவர் என் அண்ணி. அதுவும் காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். இருபத்தெட்டு வருஷமாக அந்தக் காரிலும் அதற்கு முந்தைய கார்களிலும் பக்கத்து இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தவர். ஐம்பத்து நான்கு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை உரிமம் வாங்கியிருந்தார். வண்டியை நிறுத்திய அழகைப் பார்த்தேன். சுவருக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டு நேராக நிறுத்தியிருந்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அவர் ஓட்டக் கற்றதற்குக் காரணம் அண்ணன். ஐந்து மாதத்துக்கு முன்னால் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. காலும் கையும் ஓரளவு திரும்பி வந்துவிட்டன. பேச்சு வரவில்லை.

கடை எங்கள் இரண்டு பேருடையது. கடைக்குக் கை நான், வாய் அண்ணன். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் அவர்தான் பேசுவார். வண்டியைப் பற்றிப் பேசுவார், வண்டிக்காரரின் மாமனாரைப் பற்றிப் பேசுவார், ஆள் யாரும் இல்லாவிட்டால் பேட்டரியிடம் பேசுவார். தெருவில் அவருக்கு ரேடியோ என்றே பெயர். நான் ஒரு வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்தால் போதும், தலையைக்கூடத் தூக்காமல் மேசையிலிருந்து ஒரு கேள்வி வரும்: எர்த் பாத்தியாடா? வண்டியின் வெற்று இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கறுப்பு ஒயர்தான் எர்த். அது சரியாகக் கடிக்காவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை, ஸ்பீக்கரில் இரைச்சல்தான் ஏறும். இது எனக்குத் தெரியாதா என்ன? ஒரு நாளைக்கு ஏழு தடவை அவர் கேட்பார், ஏழு தடவையும் நான் எரிச்சலோடு பாத்தாச்சு என்பேன். இந்த மனுஷன் ஒரு நாளாவது வாயை மூட மாட்டாரா என்று மனதுக்குள் நினைத்ததும் உண்டு. இப்போது அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அண்ணி கைப்பையைத் திறந்து ஒரு சின்ன பிளேயரை எடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அவர் வேலை பார்க்கும் கல்லூரியில் கழித்துப் போட்ட பழைய சாமான். முகப்பில் இருந்த விசைகளில் ஒன்றின் மேல் ஒரு சட்டைப் பொத்தானைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். எதற்கு என்று கேட்டேன். ஓட்டும்போது கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் விரலால் தடவியே கண்டுபிடிப்பதற்காம். இதை வண்டியில் இருக்கும் ஸ்டீரியோவில் மாட்டித் தர வேண்டும், இரண்டு கதவில் இருக்கிற ஸ்பீக்கரும் நன்றாக வேலை செய்ய வேண்டும், அதுதான் முக்கியம் என்றார்.

பாட்டு கேட்கவா அண்ணி என்று கேட்டேன். அதில் கொஞ்சம் குத்தலும் இருந்தது. அண்ணன் இப்படிக் கிடக்கும்போது பாட்டா என்று.

அண்ணி அதைக் கண்டுகொள்ளாமல் பொறுமையாகச் சொன்னார். அண்ணனுக்குப் பேசத்தான் வரவில்லையாம், பாடினால் வருகிறதாம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா முதல் மாதமே அதைக் கண்டுபிடித்துவிட்டாராம். பேச்சு போகிற பாதை வேறு, மெட்டு போகிற பாதை வேறு, ஒரு பாதை அடைபட்டால் இன்னொன்றில் சுற்றிக்கொண்டு வரலாம் என்றாராம். அதனால் தண்ணி வேணும் என்பது போன்ற சின்னச் சின்ன வாக்கியங்களை, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டே சுரத்தில் பாடிப் பழக வேண்டும். பழகப் பழக மெட்டு தேய்ந்து பேச்சு மிஞ்சும். இதுதான் வைத்தியம்.

ஆனால் அண்ணன் வீட்டில் பாட மறுத்தார். எதிரே யாராவது முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஊரெல்லாம் பேசித் தீர்த்த மனுஷனுக்கு, பால்குடிப் பிள்ளை மாதிரி மழலை பாடுவது மானக்கேடாக இருந்தது. பயிற்சி நிலையத்துக்கு வாரத்தில் மூன்று நாள், போக ஒரு மணி, வர ஒரு மணி. அந்தக் காரில் மட்டும் பாடினார். காரில் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, இரண்டு பேரும் சாலையைப் பார்க்கிறார்கள். அண்ணி பிளேயரை மடியில் வைத்துச் சின்ன ஒலியில் ஓட்டிப் பார்த்தார், இன்ஜின் சத்தத்தில் காதில் விழவில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. ஆகவே ஸ்டீரியோ.

"வர்ற புதன்கிழமைக்கு அடுத்த புதன் நிலையத்துல அவரைப் பரிசோதிச்சுப் பாக்கப் போறாங்க தம்பி. யாரும் சொல்லிக் கொடுக்காம, அவரா ஒரு வாக்கியம் சொன்னா இன்னும் ஆறு மாசம் பயிற்சி தொடரும். இல்லைன்னா வீட்டிலேயே பாத்துக்கங்கன்னு அனுப்பிடுவாங்க. வெளியில வரிசையில நெறைய பேர் காத்திருக்காங்களாம்."

அவர் குரல் நடுங்கவில்லை. வீட்டுக்கு அனுப்பினால் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். அது அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி பாவனை செய்வார். நானும் அதை நம்புகிற மாதிரி பாவனை செய்துவிட்டு வந்துவிடுவேன். 

வேலையை ஆரம்பித்தேன். அண்ணி நகரவில்லை. பதிவில் ஒரு விஷயம் இருக்கிறது தம்பி, அதைச் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். எனக்குத்தான் தோளுக்கு மேல் ஆள் நின்றால் ஆகாதே.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க போய் உக்காருங்க அண்ணி."

போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கல்லூரிக்கு நேரமாகிவிட்டதென்று பஸ் ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அண்ணியின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் மொழிக்கூடம் என்று ஒன்று இருக்கிறது. வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு ஹெட்போன். மாணவர்கள் வந்து உட்கார்ந்து புது மொழி ஒன்றைக் காதால் கேட்டு வாயால் சொல்லிப் பழகுவார்கள். அண்ணி அந்தக் கூடத்தின் பொறுப்பாளர். நாங்கள் குடும்பத்தில் அதற்கு வைத்திருந்த பெயர் ஹெட்போன் துடைக்கிற உத்தியோகம். அந்தப் பெயரை வைத்தவன் நான். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அதைச் சொல்லிச் சிரிப்பேன், அண்ணியும் கூடச் சிரிப்பார். இருபத்தாறு வருஷமாக அங்கே என்ன செய்கிறார் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஸ்டீரியோ பழையது. முகப்பில் எதையும் சொருகத் துளை கிடையாது. இரண்டு பக்கமும் சாவித் தகடுகளை நுழைத்து வெளியே இழுத்தேன். முதுகில், சிடி மாற்றும் பெட்டி மாட்டுவதற்கென்று விட்டிருந்த இடம் காலியாக இருந்தது. நமக்கு அது போதும். அதிலிருந்து ஒரு ஒயரை டேஷ்போர்டுக்கு அடியில் கொண்டுபோய், ஓட்டுகிறவர் கைக்கு எட்டும்படி, கியருக்கு முன்னால் இருந்த சின்னக் குழிக்குள் முனையை விட்டேன். பிளேயருக்கு மின்சாரம் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து. ஒயர் வெளியே தொங்காமல், காலில் இடறாமல், கதவு சாத்தும்போது நசுங்காமல் ஒளித்து வைப்பதில்தான் இந்த வேலையின் நேர்த்தி இருக்கிறது. சிரத்தையாகவே செய்தேன்.

பிளேயரை மாட்டிப் பொத்தானை அமுக்கினேன். அண்ணியின் குரல் வந்தது. பாட்டு என்று சொல்ல முடியாது. அண்ணிக்குப் பாட வராது, குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தண்-ணி வே-ணும் என்று ராகமும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் இழுத்தார். கூடவே ஒரு கீபோர்டு இரண்டு சுரத்தை மாற்றி மாற்றித் தட்டியது. சிரிப்பு வந்தது. உடனே இன்னொன்றைக் கவனித்தேன். குரல் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவிலிருந்து மட்டும் வருகிறது. மறுபக்கத்தில் கீபோர்டு மட்டும்.

ஒயர் விட்டுப்போயிருக்குமோ என்று என் போனை மாட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் எல்லாம் கணீரென்று கேட்டது. ஒயர் சரி. அப்படியானால் கோளாறு பதிவில். கழித்துப் போட்ட பிளேயர், தெரியாத கை செய்த பதிவு, குரல் ஒரு பக்கமும் மெட்டு ஒரு பக்கமுமாகப் பிரிந்து போயிருக்கிறது. அதிலும் பாருங்கள், யாருக்காக இவ்வளவு பாடோ அந்த அண்ணன் உட்காரும் பக்கத்தில் குரலே இல்லை. பாவம், ஹெட்போன் துடைக்கிற அண்ணிக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். இதற்கு மருந்து என்னிடம் இருந்தது. ஸ்டீரியோவின் முதுகில் இரண்டு பக்கத்து ஒயர்களையும் சேர்த்து முறுக்கி, ஈயம் வைத்து ஒட்டி, மேலே உறை போட்டு மூடினேன். இப்போது இரண்டு கதவிலும் குரலும் வந்தது, மெட்டும் வந்தது.

கடைசியில் எர்த்தையும் பார்த்தேன். காலியாக இருந்த மேசையைப் பார்த்து, பாத்தாச்சு என்று சொல்லவும் செய்தேன்.

சாயங்காலம் அண்ணி அவசரமாக வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் பெருமையாக, ரெண்டு பக்கமும் ஜோரா கேக்குது அண்ணி என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொன்னார்.

பிறகு பரிசோதிக்கிற புதனுக்கு முந்தைய திங்கட்கிழமை காலை அதே இடத்தில், அதே ஒரு சாண் இடம் விட்டு வண்டி நின்றது. அண்ணியின் கண் உள்ளே போயிருந்தது.

"நாலு தடவை போய்ட்டு வந்தாச்சு தம்பி. உங்க அண்ணன் வாயைத் திறக்கவே இல்ல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வேலையில் குறை ஒன்றும் இல்லை, நான் சோதித்துத்தான் கொடுத்தேன், வேண்டுமானால் இப்போதே போட்டுக் காட்டுகிறேன் என்று படபடத்தேன். அண்ணி ஓட்டுகிற இருக்கையில் ஏறி உட்கார்ந்தார், பக்கத்து இருக்கையை எனக்குக் காட்டினார். பொத்தானை அமுக்கினார். இரண்டு கதவிலும் அவர் குரல் ஜோராகவே கேட்டது. பிறகு ஸ்டீரியோவின் ஓரத்தில் இருக்கும் சின்னக் குமிழைப் பிடித்தார்.

அந்தக் குமிழ், சத்தத்தை ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குத் தள்ளுவதற்கு உள்ளது. அதை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. வண்டி விற்கும்போது எங்கே இருந்ததோ கழித்துப் போடும்போதும் அங்கேயே இருக்கும். அண்ணி அதை முழுக்க ஒரு பக்கம் திருப்பினார். ஓட்டுகிறவர் கதவு அமைதியானது. என் பக்கத்துக் கதவில் குரலும் மெட்டும் அப்படியே தொடர்ந்தன.

"ரெண்டையும் சேத்துட்டியா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அண்ணி பிளேயரிலிருந்து ஒயரைப் பிடுங்கி, கைப்பையிலிருந்து இயர்போனை எடுத்து மாட்டி, ஒரு முனையைத் தன் காதிலும் மறுமுனையை என் காதிலும் வைத்தார். பொத்தானை அமுக்கினார். என் காதில் கீபோர்டு மட்டும் தட்டியது, மேலே ஒன்று, கீழே ஒன்று. அண்ணி தன் காதில் விழுந்ததை எனக்குப் பாடிக் காட்டினார். தண்-ணி வே-ணும். மறுபடி மெட்டு மட்டும் வந்தது. அண்ணி வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். மெட்டு போய்க்கொண்டே இருந்தது, அதன் மேல் வார்த்தை இல்லை. அந்தக் காலியான இடத்தை யாராவது நிரப்ப வேண்டும் என்று எனக்கே வாய் துறுதுறுத்தது. தண்ணி வேணும் என்று முணுமுணுத்தே விட்டேன்.

மொழிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக இப்படித்தானாம். ஆசிரியர் குரல் ஒரு தடத்தில், மாணவனுக்கான இடம் இன்னொரு தடத்தில். முதலில் இரண்டும் கேட்கும். பழகப் பழக அண்ணி தன் மேசையிலிருந்து ஆசிரியர் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவார். எந்த மேசையில் எப்போது குறைக்க வேண்டும் என்பது பிள்ளைகள் மூச்சு விடுகிற விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் குரல் சுத்தமாக இல்லாமலே போயிருக்கும், பிள்ளை தனியாகப் பேசிக்கொண்டிருக்கும், அது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. இதுதான் அந்த உத்தியோகம்.

பயிற்சி அம்மா கொடுத்த வாக்கியங்கள் பொதுவானவை. அவை அண்ணன் பேசுகிற மாதிரி இல்லை என்று, அண்ணன் வாயில் வருகிற விதமாகவே நாற்பது வாக்கியத்தை அண்ணி எழுதியிருந்தார். வகுப்புகள் முடிந்த பிறகு கூடத்தில் தனியாக உட்கார்ந்து, பாட வராத தன் குரலில் நாற்பதையும் பாடி, குரலை ஒரு தடத்திலும் மெட்டை ஒரு தடத்திலும் தானே பிரித்துப் பதித்திருந்தார். காரில் ஓட்டிக்கொண்டே, அண்ணன் மூச்சைக் கேட்டுக்கொண்டே, ஒரு கையால் அந்தக் குமிழைத் திருப்புவதாகத் திட்டம். உலகத்தில் யாரும் தொடாத அந்தக் குமிழுக்கு என் அண்ணி ஒரு வேலை கண்டுபிடித்திருந்தார். நான் அதை ஈயம் வைத்து அடைத்திருந்தேன்.

"நான் ஒருத்தி நிறுத்தாம பாடிட்டே இருந்தா அவர் எங்க பாடுவார் தம்பி? அவருக்கு இடமே இல்லையே."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. சொல்லத்தான் வந்தார். போய் உட்காருங்க என்றவன் நான். என் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போதே ஸ்டீரியோவை வெளியே இழுத்தேன். உறையைக் கிழித்து, ஈயத்தை உருக்கி, முறுக்கைப் பிரித்து, சிவப்பைச் சிவப்போடும் வெள்ளையை வெள்ளையோடும் தனித்தனியாகச் சேர்த்தேன். அண்ணி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார், எனக்கு எங்கும் எரியவில்லை. கல்லூரிக்கு நேரமாகிறதே என்று வேக வேகமாக எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடினேன். குமிழைத் திருப்பிப் பார்த்தார். குரல் போனது, மெட்டு மட்டும் மிஞ்சியது. அண்ணியின் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு வெளிச்சம் வந்தது.

புறப்படும்போது, புதன்கிழமை நீயும் வா என்றார். வழியில் ஏதாவது கோளாறு வந்தால் கைக்கு ஆள் வேண்டும். நான் இருந்தால் அண்ணன் பாட மாட்டார் என்றேன்.

"உன்கிட்ட பேசாம அவரு வேற யார்கிட்ட பேசப் போறாரு? பின்னாடி உக்காந்துக்க. மூச்சு விடாதே."

புதன்கிழமை காலை அண்ணனைக் கைத்தாங்கலாக முன் இருக்கையில் உட்கார வைத்தோம். என்னைப் பார்த்ததும் கண்ணை மூடப்போனார், காரில் தூங்குகிற பாவனை செல்லாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், சாலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நான் பின்னால் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணி கண்ணாடியைச் சரி செய்தார், பெல்ட்டைப் போட்டார், தடவிப் பார்த்துப் பொத்தானை அமுக்கினார். வண்டி கிளம்பியது.

முதல் வாக்கியம் போனது. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது போனது. அண்ணி பதிவோடு சேர்ந்து உரக்கப் பாடிக்கொண்டே ஓட்டினார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அண்ணி அவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, ஜன்-னலைத் தி-ற என்று தொடர்ந்து பாடினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பாட வராத ஒருவர், கல்யாண வீட்டில் ஒரு வரி பாடச் சொன்னால் சமையலறைக்குள் ஓடிவிடுகிறவர், நடுச்சாலையில் இப்படிப் பாடுகிறார். தன் மானத்தை முதலில் கீழே போட்டால்தான் கணவன் தன்னுடையதைப் போடுவார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் அண்ணியைப் போல ஒரு மனுஷியை நான் கண்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு இருபத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

ஏழாவது வாக்கியமோ எட்டாவதோ. அண்ணனின் தோள் கொஞ்சம் இறங்கியது. அண்ணி பாடுவதை நிறுத்தினார். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் குமிழைத் திருப்பினார். அவர் கதவில் குரல் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போயிற்று. அண்ணன் பக்கத்தில் மெட்டு மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

"தண்... ணி... வே... ணும்."

ஐந்து மாதத்துக்குப் பிறகு அண்ணனின் குரலைக் கேட்டேன். கரகரப்பாக, தூசி படிந்து கிடந்த மாதிரி இருந்தது. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டேன். அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததில் பாதி வந்தது. ஆனால் எல்லாம் பதிவில் உள்ளவை, சொல்லிக் கொடுத்தவை. அங்கே கேட்கப் போவது இது இல்லை. அது அண்ணிக்கும் தெரியும், அவர் விரல்கள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

வண்டி மேம்பாலத்தில் ஏறியது. அண்ணி வேகம் கொடுத்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிய ஊளை. வேகம் கூடக் கூட அதுவும் உயர்ந்தது, காலை எடுத்தால் இறங்கியது.

இது என்ன என்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை அவசரத்தில் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடினேனே, அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அண்ணன் பாடுவதை நிறுத்திவிட்டார். மெட்டு போய்க்கொண்டிருந்தது, அவர் வாய் மூடியிருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். போச்சு, கெடுத்துவிட்டேன், இரண்டாம் தடவையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணி பிளேயரை நிறுத்தக் கையை நீட்டினார். அதற்குள் அண்ணன் தன் நல்ல கையைத் தூக்கி, டேஷ்போர்டை விரலால் தட்டினார். மேலே ஒன்று, கீழே ஒன்று. அதே இரண்டு சுரத்தில் அவர் குரல் வந்தது.

"எர்த்... பாத்... தியாடா?"

பாத்தாச்சு என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், தானாகவே வரும். அதை விழுங்கினேன்.

"பாக்கலண்ணே," என்றேன். "மறந்துட்டேன்."

அண்ணனின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று முன்னால் சாய்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அழுதது நான்.

"அது பதிவுல இல்ல தம்பி," என்றார் அண்ணி. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வண்டியை நிறுத்தவில்லை, வேகத்தைக் கூடக் குறைக்கவில்லை. "நாப்பதுல அது ஒண்ணு இல்ல. நான் எழுதவே இல்ல."

பயிற்சி நிலையத்தில் அவர்கள் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். நான் வண்டி நிறுத்துமிடத்திலேயே இருந்துவிட்டேன். ஸ்டீரியோவை வெளியே இழுத்தேன். நான் நினைத்ததுதான். எர்த் ஒயரின் வளையம் பெயிண்ட் பூசிய தகட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. ஆன்டெனா ஒயர் வழியாக ஏதோ ஒப்பேற்றிக்கொண்டு ஸ்டீரியோ இத்தனை நேரம் ஓடியிருக்கிறது. உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்த்து இரும்பைப் பளபளவென்று வெளியே கொண்டுவந்தேன். திருகாணியை இறுக்கினேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். இன்னொரு தடவையும் பார்த்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டேன். பயிற்சி அம்மா மூன்று தடவை, உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாராம். அண்ணன் மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சரி, உங்கள் பதிவையாவது கேட்போம் என்று அந்த அம்மா தன் மேசை ஸ்பீக்கரைப் போட்டிருக்கிறார். அது ஙொய் என்று இரைந்திருக்கிறது. அண்ணன் நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்து, மேசையைத் தட்டி, எர்த் பாத்தியாம்மா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கம் சொல்ல வேண்டிய அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாராம். ஆறு மாதம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அண்ணனை உட்கார வைத்தோம். நான் இன்ஜினைப் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்துக் காட்டினேன். ஊளை இல்லை. அண்ணன் காதைச் சாய்த்துக் கேட்டார். கேள்வி வருவதற்கு முன்னாலேயே நான் பாத்தாச்சுண்ணே என்றேன். இந்தத் தடவை எரிச்சல் இல்லாமல் சொன்னேன். அவர் நம்பாத மாதிரி புருவத்தைத் தூக்கினார், பிறகு தலையாட்டினார்.

அண்ணி ஓட்டுகிற இடத்தில் ஏறி, தடவிப் பொத்தானை அமுக்கினார். அவர் கதவிலிருந்து அவருடைய குரல் கிளம்பியது, தண்-ணி வே-ணும். அண்ணன் நல்ல கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி, அந்தக் குமிழைத் தேடிப் பிடித்து, கடைசி வரைக்கும் திருப்பினார். குரல் நின்றுவிட்டது. வெறும் மெட்டு தட்டிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷமாக, அண்ணன் குறுக்கே பேசி அண்ணியின் வாயை அடைத்தால் அண்ணி இரண்டு நாளைக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார். அன்றைக்கு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார், அண்ணன் பாட ஆரம்பித்தார்.